நான் விழுங்கிய ஒரு சொல்

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நான் கதிரையில் இருக்கமுன் உன் அழைப்பு வந்தது. பயணப் பெட்டி அடுக்குவதையும், குளிர்ச்சட்டை வாங்கியதையும், விமானம் எத்தனை இடத்தில் இறங்கி ஏறும் என்பதையும் சொல்லிவிட்டு, சும்மா கேட்பதுபோலக் கேட்டாய்: “அம்மா, அண்டைக்கு முருங்கனில ஏன் எனக்குப் பிழை போட்டனீங்கள்?” பதினான்கு வருடமாக நீ கேட்காமல் வைத்திருந்த கேள்வி. “விடைத்தாளில அப்பிடித்தானே இருந்தது அப்பன், நான் என்ன செய்யிறது” என்று சொல்லிவிட்டு, அடுப்பில் கறி கிடக்கிறது என்று தொலைபேசியை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. அது சின்னப் பொய். விடைத்தாளில் அப்படி இருந்தது என்பது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால்தான் பெரிய பொய்யை இவ்வளவு காலமும் மறைத்து வைத்திருந்தேன். அந்த விடைத்தாளை எழுதியது நான்.

இப்போது உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். ஆனால் முழுவதையும் வாசி. நீ வெள்ளிக்கிழமை புறப்படுகிறாய். சிலி நாட்டுப் பாலைவனத்து மலையொன்றில் இருக்கும் பெரிய தொலைகாட்டியில் மூன்று வருட வேலை. அகிலத்தில் எவ்வளவு தூரம் எங்களால் பார்க்க முடியும் என்பதை அளக்கிறவர்களோடு நீயும் ஒருவனாக இருக்கப்போகிறாய். அதே விடயத்தில் உன் தாய் உனக்குச் செய்த அநியாயத்தை அறியாமல் நீ அங்கே போய் நிற்கக்கூடாது. எங்கள் பாடசாலை ஆண்டு மலருக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர்களிடம் வாழ்த்துரை கேட்டிருந்தார்கள். வாழ்த்துரைக்குப் பதிலாக இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன். மண்டபம் நிறைந்த பிள்ளைகளுக்கு முன்னால் செய்த பிழையை உறையில் போட்டு ஒட்டி உனக்கு மட்டும் அனுப்புவது முறையில்லை. அச்சில் வரும்போது நீ போய்விடுவாய். ஆகவே, கையெழுத்துப் பிரதியை வியாழக்கிழமை நீ வீட்டுக்கு வந்ததும் தருவேன்.

மலரை வாசிக்கிற மற்றவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன். சண்டை முடிந்து இரண்டாம் வருடம். எங்கள் தீவிலும் பெருநிலத்திலும் இருந்த விஞ்ஞான ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து, பிள்ளைகளுக்கு ஒரு வினாடி வினாப் போட்டி வைப்போம் என்று முடிவெடுத்தோம். அலகு அலகாகப் பிரித்து ஆளுக்குச் சில வினாக்கள் எழுதினோம். யார் எதை எழுதியது என்று வெளியில் சொல்வதில்லை என்பது ஒப்பந்தம். எனக்கு வந்தது அகிலம் என்ற அலகு. அதில் ‘அவதானிக்கத்தக்க அகிலம்’ என்று ஒரு சொற்றொடர் உண்டு. எங்கள் கண்ணாலும் கருவியாலும் பார்க்கக்கூடிய அளவு அகிலம் என்று பொருள். ஒரு முறை வகுப்பில் ஒரு பிள்ளையை எழுப்பி அதை வாசிக்கச் சொன்னேன். “அவதானிக்கத்தக்கத்தக்க” என்று அவள் தடுமாற, வகுப்பு முழுவதும் தகதக என்று தாளம் போட்டது. அதன்பிறகு அந்த முதற் சொல்லை நான் வகுப்பில் சொல்வதில்லை. கரும்பலகையில் எழுதுவதும் இல்லை. வெறும் ‘அகிலம்’ என்றேன். எல்லை என்பதற்கு ‘விளிம்பு’ என்றேன். பிள்ளைகளுக்கு இலகுவாக இருக்கட்டும் என்று நினைத்தேன். போட்டிக்கு வினா எழுதும்போதும் கை பழகியபடியே எழுதியது: ‘அகிலத்தின் விளிம்பு எம்மிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளது?’ விடை, ஏறக்குறைய 1370 கோடி ஒளியாண்டு.

எங்கள் பாடசாலை அணியில் நீயும் யூட்டும் மட்டும். ஒன்பதாம் வகுப்பு முதல் ஒரே வாங்கில் ஒட்டி இருந்தவர்கள். புதிய பாலத்தால் பஸ்சில் போகும்போது வெற்றிக் கேடயத்தை யார் மடியில் வைத்துக்கொண்டு வருவது என்று இருவரும் அடிபட்டீர்கள். போட்டி நடந்த முருங்கனில் இறங்கியதும் நடுவர் ஒருவருக்குக் காய்ச்சல் என்று சொல்லி என்னை அந்தக் கதிரையில் இருக்கச் சொன்னார்கள். என் மகன் போட்டியில் இருக்கிறான் என்று சொன்னேன். அது தெரியும்தானே ரீச்சர், உங்களை யார் சந்தேகிக்கப்போகிறார்கள் என்றார் தலைமை நடுவர், ஒரு கணக்கு மாஸ்டர். அந்தப் புகழ்ச்சியில் நான் இருந்துவிட்டேன். என் வினாவும் அந்தத் தாளில் இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. உனக்கு நான் கொடுக்கக்கூடிய புத்திமதிகளில் முதலாவது இதுதான். உன் வினாவுக்கு நீயே நடுவராக இருக்காதே. கதிரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எழுந்து வந்துவிடு.

கடைசிச் சுற்று. நறுவிலிக்குளம் பக்கத்துப் பிள்ளைகள் இருவரும் நீங்களும் சமபுள்ளி. என் வினா வந்தது. யூட் உன் காதுக்குள் எண்ணைச் சொன்னதை நான் கண்டேன். அவன் என் கொப்பியைப் பாடமாக்கியவன். நீ தலையாட்டி மறுத்துவிட்டு எழும்பினாய்.

“அது விளிம்பு இல்லை ரீச்சர். எங்களால பாக்கக்கூடியது அவ்வளவுதான். அதுக்கு அங்காலயும் இருக்கு.”

“எவ்வளவு இருக்கு தம்பி?” என்று கணக்கு மாஸ்டர் கேட்டார்.

“தெரியாது.”

மண்டபம் சிரித்தது. கணக்கு மாஸ்டரும் சிரித்தபடி, “தெரியாது எண்டதுக்குப் புள்ளி குடுக்கத் துவங்கினா நாட்டில எல்லாரும் பாஸ்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “ரீச்சர், நீங்கள்தான் விஞ்ஞானம். என்ன சொல்லுறீங்கள்?” என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. நான் சரியாகச் சொல்லிவிடுவேன் என்ற நம்பிக்கை மட்டும் இருந்தது. நான் விழுங்கிய சொல் அந்த நேரம் என் தொண்டையில் வந்து நின்றது. நீ சொன்னது சரி என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது, மகன். பிறகு புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டதல்ல. தெரிந்துகொண்டுதான், “விடைத்தாளில உள்ளதுதான் விடை” என்றேன். மற்ற அணி எண்ணைச் சொன்னது. கேடயம் அவர்களோடு போனது. அந்தப் பிள்ளைகளில் ஒரு குற்றமும் இல்லை. கேட்ட வினாவுக்கு, கேட்டவள் விரும்பிய விடையைச் சொன்னார்கள்.

பாடசாலையில் நீ என்னை ரீச்சர் என்றும் வீட்டில் அம்மா என்றும் கூப்பிடுவாய். ஆசிரியர்களின் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான். வீட்டுப் படலையைத் தாண்டியதும் நாக்கு தானாக மாறிவிடும். அன்று படலையைத் தாண்டியும் மாறவில்லை. முற்றத்தில் மீன்பெட்டி கழுவிக்கொண்டிருந்த அப்பா, போட்டி என்ன மாதிரி என்று கேட்டார். “ரீச்சரைக் கேளுங்கோ” என்றாய். எந்த ரீச்சர் என்று அவர் கேட்க, “வீட்டில எத்தினை ரீச்சர் இருக்கினம்?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய். ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே நடந்தது. சோறு காணும், போதும் என்று ரீச்சரிடம் சொல்லச் சொல்வாய். தலையிடி என்று ரீச்சரிடம் சொல்லச் சொல்வாய். அப்பா நடுவில் நின்று தபால்காரன் வேலை பார்த்தார். வினாத்தாள் கல்விக் கந்தோரில் இருந்து வந்தது என்று அவர் தானாகவே நினைத்துக்கொண்டு, கடற்கரையில் கண்டவர்களிடமெல்லாம் கந்தோர்க்காரரை ஏசினார். நான் மறுக்கவில்லை. இந்தத் திங்கட்கிழமைதான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். “அப்ப நான் இவ்வளவு காலமும் ஏசினது ஆரை?” என்று கேட்டார். என்னை என்றேன். “அதைப் பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறீர்” என்றார்.

போட்டி நடந்த அன்று, பின்னேரச் சாப்பாட்டின்போது, உன் விடையை நான் அவருக்குச் சொல்லிக் காட்டினேன். என் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சோற்றில் இருந்து தலையெடுக்காமல் சொன்னார்: “கோபுரம் தாண்டு போச்செண்டால், கோயிலும் கடலுக்குள்ள தாண்டு போச்செண்டோ அர்த்தம்?” எங்கள் கடலில் தூரத்தைக் கரையில் எது மறைந்தது என்று வைத்துத்தான் சொல்வார்கள். முதலில் கரையோர வீடுகள் தாழும். பிறகு பனைகள் தாழும். கடைசியாகச் சிலுவையோடு கோயிற் கோபுரம் தாழும். கோபுரம் தாழ்ந்த தூரம் என்றால் நல்ல தூரம். உனக்கு ஒன்பது வயதில் ஒரு நாள் அவரோடு வள்ளத்தில் போய், ஏறின நேரம் முதல் தின்றதெல்லாம் சத்தி எடுத்திருக்கிறாய். அசையாத ஒன்றைப் பார்த்தால் தலைசுற்று நிற்கும், கோபுரத்தையே பார்த்துக்கொண்டிரு என்று அவர் சொல்லியிருக்கிறார். பார்த்துக்கொண்டே இருந்தாயாம். அது தாழ்ந்துவிட்டது. கோயில் போயிட்டுது, அம்மாவும் போயிட்டா என்று நீ குழறி அழுததாகவும், வள்ளத்தைத் திருப்பி, கோபுரம் மறுபடி முளைக்கும்வரை வந்து காட்டியதாகவும் அவர் சொன்னார். அன்று பாதிப் பிடியோடு திரும்பியதை அவர் எனக்கு முன்பு சொன்னதே இல்லை. முருங்கன் மண்டபத்தில் நீ எழும்பி நின்று சொன்னது எந்தப் புத்தகத்தில் இருந்தும் வந்ததல்ல என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஓய்வு பெற்றபின் இந்த ஒரு விடயத்தைத்தான் ஆறுதலாக இருந்து படித்தேன். உனக்கு இது அரிவரிப் பாடம் என்பது தெரியும். ஆனாலும் ஆசிரியர் வேலையில் இருந்தவளுக்கு, விளங்கியதை யாருக்காவது ஒப்புவிக்காவிட்டால் விளங்கியதாகவே இருக்காது. கொஞ்சம் பொறு. வள்ளத்தில் நிற்கிறவனைச் சுற்றி வானமும் கடலும் தொடுகிற ஒரு வட்டம் இருக்கிறது. அந்த வட்டத்தின் நடுவில் அவன் நிற்கிறான். அதனால் கடலுக்கே அவன்தான் நடு என்று ஆகிவிடாது. எட்டத்தில் நிற்கும் இன்னொரு வள்ளத்துக்கும் ஒரு வட்டம் உண்டு. இரண்டு வட்டமும் ஓரளவு ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். மிச்சம் கிடக்காது. இவனுக்குத் தெரியாத ஒரு தீவு அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தாழ்ந்துபோன கோபுரம் இவனுக்குத் தெரியும். அகிலத்திலும் அப்படித்தான் என்கிறார்கள். நாங்கள் பார்க்கிற எல்லையில் ஒருவர் இருந்து திரும்பிப் பார்த்தால், அவருடைய எல்லையில் நாங்கள் இருப்போம். யாரும் எதற்கும் விளிம்பில் இல்லை.

ஏன் இவ்வளவுதான் தெரிகிறது என்பதற்கு என் தங்கையின் கடிதங்களை நினைத்துக்கொள்வேன். உன் சின்னம்மா சண்டைக் காலத்தில் தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் இருந்தவள். தலைமன்னாரில் இருந்து பார்த்தால் கடலுக்கு அந்தப் பக்கம்தான். ஆனால் அவள் கடிதம் கொழும்பைச் சுற்றி, யார் யாரோ கைமாறி, மாதக்கணக்கில் வரும். பிள்ளைக்குப் பல் முளைக்கிறது என்று ஒரு முறை எழுதியிருந்தாள். நான் ஆசையோடு, பல் முளைக்கிற பிள்ளைக்கு ஏற்ற அளவில் ஒரு சட்டை தைத்து அனுப்பினேன். சட்டை போய்ச் சேர்ந்தபோது அந்தப் பிள்ளை ஓடித் திரிந்ததாம். அக்கா அனுப்பிய சட்டை பொம்மைக்கு அளவாக இருக்கிறது என்று பதில் வந்தது. எனக்குத் தெரிந்த பிள்ளை கடிதத்தில் இருந்த பிள்ளை. நீ பார்க்கப்போகிற தூரத்து வெளிச்சமெல்லாம் அப்படி வந்த கடிதங்கள். அகிலத்தின் வயது ஏறக்குறைய 1380 கோடி வருடம் என்று இப்போது சொல்கிறார்கள். அதைவிட அதிக காலம் பயணம் செய்திருக்கவேண்டிய கடிதம் இன்னும் எங்கள் கைக்கு வந்திருக்க முடியாது. தபால் வரவில்லை என்பதற்காக அங்கே ஆட்கள் இல்லை என்று சொல்லலாமா? நான் வகுப்பில் சொன்னது அதைத்தான்.

என் விடைத்தாளில் இன்னொரு பிழையும் இருந்தது. அது உனக்கும் அன்று தெரியாது. நான் எழுதியது தூரமே அல்ல, வயது. அன்றைய கணக்கில் இருந்த வயதை எடுத்து, பக்கத்தில் ஒளியாண்டு என்று போட்டுவிட்டேன். ஓடுகிற வள்ளத்தில் இருந்து ஒருவன் கடலில் குதித்துக் கரைக்கு நீந்தி வருகிறான் என்று வை. அவன் கரையேறும்போது, வள்ளம் அவன் குதித்த இடத்தில் நிற்காது. நீரோட்டம் அதை இன்னும் எங்கேயோ கொண்டுபோயிருக்கும். அகிலம் விரிந்துகொண்டே இருப்பதால், அந்தப் பழைய வெளிச்சத்தை விட்ட இடம் இன்று ஏறக்குறைய 4600 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் போய்விட்டது. நீந்துகிறவனைவிட நீரோட்டம் வேகமாக ஓடுகிற இடங்களும் உண்டு. அங்கே இன்று புறப்படுகிற வெளிச்சம் எத்தனை காலம் காத்திருந்தாலும் இந்தக் கரைக்கு வராது. இன்னொரு தடையும் இருக்கிறது. ஆரம்பத்தில் அகிலம் முழுவதும் கொதித்துக் கலங்கிக் கிடந்ததாம். வாடைக் காற்றுக் காலத்தில் எங்கள் கடல் கலங்கினால், சங்கு குளிக்கிறவனுக்குத் தன் கையே தெரியாது. அதுபோல, அந்தக் கலங்கல் தெளியும்வரை வெளிச்சம் வெளியே வரமுடியவில்லை. எவ்வளவு பெரிய தொலைகாட்டி வைத்தாலும் வெளிச்சத்தால் பார்க்கக்கூடியது கலங்கல் தெளிந்த நாள் வரைக்கும்தான். ஆக, என் ஒற்றை வரி வினாவில் ஒரு சொல் இல்லை, விடையில் எண் பிழை. சரியாக இருந்தது எண்ணே இல்லாத உன் விடை மட்டும்.

இவ்வளவையும் படித்து முடித்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. அப்போதே சொல்லியிருக்கலாம். நீ நன்றாகப் படித்தாய், பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனாய், பிறகு வெளியிலும் போய்ப் பட்டம் எடுத்தாய். ஒரு கேடயத்தால் உனக்கு என்ன குறைந்துவிட்டது என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். குறைந்தது யூட்டுக்குத்தான் என்று ஒரு முள் மட்டும் இருந்தது. சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு அவன் பாடசாலையை விட்டுவிட்டான். அந்தத் தோல்விதான் அவனை விழுத்தியது என்று நான் நினைத்தேன். உங்கள் சிநேகிதமும் அதோடு முறிந்துவிட்டது என்று நினைத்தேன். ஏனென்றால் அதற்குப் பிறகு அவன் எங்கள் படலைக்கு வந்ததை நான் காணவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அவனைத் தேடிப் போனேன். கடற்கரையில் எஞ்சின் திருத்துகிற கடை வைத்திருக்கிறான் என்பது உனக்குத் தெரியும். கதிரையில் எண்ணெய், பொறுங்கோ ரீச்சர் என்று ஒரு பத்திரிகையை விரித்துவிட்டான். நான் இருக்காமல் நின்றபடியே சொன்னேன். வினாவை எழுதியது நான், விடை பிழை, தெரிந்தே தீர்ப்புச் சொன்னேன் என்று எல்லாவற்றையும். கையைத் துடைத்த சீலையை அவன் எஞ்சின்மேல் வைத்தான்.

“அப்ப அவன் சொன்னது சரி?”

“சரி.”

“முழுச் சரியோ?”

“முழுச் சரி, யூட்.”

“பதினாலு வருசமா அவனைக் காணுற நேரமெல்லாம் ‘என்னடா விளிம்பு’ எண்டுதான் கூப்பிடுறனான். இனி என்னெண்டு கூப்பிடுறது?”

நான் அழுதுவிடுவேன் என்று பயந்தானோ தெரியாது. தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னான். அவன் படிப்பை நான்தான் கெடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று அவனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். தன் அப்பா முழங்கால் ஏலாமல் கரையில் இருந்துவிட்டார், வீட்டுக்குத் தான் உழைக்கவேண்டி வந்தது, அதுதான் காரணம், உங்கள் வினா இல்லை என்றான். பிறகு, எனக்கு இதுவரை தெரியாத ஒன்றைச் சொன்னான். போட்டி முடிந்து இரண்டாம் கிழமை நீ அவன் வீட்டு வாசலில் போய் நின்றாயாம். அவன் ஏசி முடியும்வரை நின்றுவிட்டு, கணக்குக் கொப்பியை எடுத்துவரச் சொன்னாயாம். அதன்பிறகு பரீட்சை வரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் போயிருக்கிறாய். கணக்கில் அவன் பாஸ் பண்ணியது அதனால்தான் என்றான். சனிக்கிழமை பின்னேரம் என் மகன் கோயிலில் சுவாமியார் நடத்துகிற பாட்டுப் பயிற்சிக்கல்லவா போனான் என்று கேட்டேன்.

“அவன்ர குரலுக்கு எந்தச் சுவாமி அவனைப் பாடவிடுவார் ரீச்சர்? நீங்கள் அதை நம்பினனீங்களே?”

நம்பினேன், மகன். திருநாள் பூசையில் நீ பாடகர் வரிசையில் நிற்கவில்லை என்பதையும் கண்டேன். கண்டும் ஒன்றையும் யோசிக்கவில்லை. ஐந்து நாள் பாடசாலையிலும் ஏழு நாளும் வீட்டிலும் உன்னைக் கண்ணுக்குள் வைத்திருந்தவள் நான். உன் கையெழுத்து எங்கே சரியும், எந்தப் பாடத்தில் சோம்பல் படுவாய், யார் வந்தால் முகம் மாறும், எல்லாம் எனக்கு அத்துப்படி என்று நினைத்தேன். என்னை ரீச்சர் என்று கூப்பிட்டுத் தண்டித்த அதே மாதத்தில், எனக்குத் தெரியாமல் நீ என் பிழைக்கு அந்த வீட்டில் பரிகாரம் செய்துகொண்டிருந்திருக்கிறாய். நான் கண்ட பிள்ளை உம்மென்று இருந்தவன் மட்டும். மிச்சப் பிள்ளை எனக்குத் தாழ்ந்துபோய் இருந்தான்.

நீ போகிற இடத்தில் உனக்கு வேண்டியவர்கள் கிடைப்பார்கள். ஒருத்தியைக் கலியாணம் கட்டுவாய். உனக்குக் கீழே படிக்கிற பிள்ளைகள் வருவார்கள். அவர்களை முழுக்கத் தெரிந்துவிட்டது என்று உனக்குத் தோன்றுகிற நாள் வரும். அன்று கொஞ்சம் பின்வாங்கி நில். அவர்கள் ஒளிக்கிறார்கள் என்று சந்தேகப்படச் சொல்லவில்லை. உன் கண் நின்ற இடத்தில் ஆள் முடிந்துவிட்டதாகத் தீர்ப்புப் போடாதே என்று சொல்கிறேன். உன் சனிக்கிழமைகளில் இன்னும் என்னென்ன இருந்தன என்று நானும் கேட்கப்போவதில்லை. தெரியாது என்று சொல்வதற்கு யாராவது சிரித்தால், சிரிப்பவர்களின் நடுவில் நின்றே சொல்லு. பதினாறு வயதில் நீ அதைச் செய்தவன். எனக்கு அறுபத்தாறு வயதாகிறது, இப்போதுதான் பழகுகிறேன்.

யூட் ஒரு நிபந்தனை வைத்தான். மலரில் எழுதினால் தன் பெயரையும் போடவேண்டும், பிழையான விடையைக் காதுக்குள் சொன்னவன் தான் என்றும் போடவேண்டும் என்றான். போட்டுவிட்டேன். ஆகவே நடுவர் என்ற முறையில் எழுதுகிறேன்: அந்த வினாவுக்கு எங்கள் அணி கொடுத்த விடை சரி. கேடயம் வென்றவர்களிடமே இருக்கட்டும். அவர்கள் எதையும் திருடவில்லை. வெள்ளிக்கிழமை உன்னைக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஏற்றிப்போக யூட் தன் வான் வண்டியைக் கொண்டுவருவான். வழி நீளம் உனக்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்து முடிப்பானாம்.

இனி உன் கேள்வி. ஏன் பிழை போட்டேன் என்று கேட்டாய். என்ன நடந்தது என்று எழுதிவிட்டேன், ஏன் என்று இன்னும் எழுதவில்லை. மூன்று நாளாக எனக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மகனுக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னாள் என்று ஊர் கதைக்கும் என்ற பயம் இருந்தது. அது கிட்டத்தில் இருப்பது, உடனே தெரிகிறது. அதற்குப் பின்னால், என் வினா பிழை என்று சபையில் ஒப்புக்கொள்ளும் வெட்கம் இருந்தது. இன்னும் தூரத்தில், சரியாகத் தெரியாமல் ஒன்று இருக்கிறது. பொறாமை என்று நினைக்கிறேன். இருபத்தைந்து வருடம் கரும்பலகைக்கு முன்னால் சோக்கட்டியோடு நின்ற எனக்கு மறந்துபோனது, சத்தி எடுத்துக்கொண்டு வள்ளத்தில் கிடந்த உனக்குத் தெரிந்திருந்தது. பெற்ற பிள்ளைமேல் பொறாமை என்று எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். அதற்கும் அப்பால் ஏதோ இருக்கிறது என்று தெரிகிறது. என்னவென்று தெரியவில்லை. நான் நிற்கிற இடத்தில் இருந்து எனக்கு இவ்வளவுதான் தெரியும். நீ வேறு இடத்தில் நின்று என்னைப் பார்த்தவன், இனி இன்னும் தூரத்தில் நின்று பார்ப்பாய். அங்கே இருந்து ஏதாவது தெரிந்தால் எனக்கு எழுது. கோபிக்கமாட்டேன்.

அம்மா